பள்ளிக் கூடைப்பந்துக் களத்தைப் பழைய ஆட்டக்காரர்களைக் கொண்டு மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் களத்தில் சில ஆண்டுகள் புளியும் மிளகாயும்தான் காய்ந்துகொண்டிருந்தன. தரை வெடித்து, வளையம் ஒரு பக்கம் சாய்ந்து, பலகை மழையில் ஊறி உரிந்து கிடந்தது. அங்கே ஆடி வளர்ந்த நாங்கள் சிலர் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து, இரண்டரை ஆண்டுகளில் அதை மறுபடியும் ஆடுகளமாக்கினோம். அதிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்கள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ஒரே கேள்விக்குப் பதினைந்து முறை பதில் சொல்லிச் சலித்ததால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

முதலில் யாரிடம் போவது?

உங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியரிடம். ஓய்வுபெற்று எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் போங்கள். எங்கள் சாருக்கு எழுபத்தாறு வயது. பரணிலிருந்து ஒரு நீளநோட்டை இறக்கிக் கொடுத்தார். மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போன ஒவ்வோர் அணியிலும் பன்னிரண்டு பேர் பெயர், அப்பா பெயர், தெரு, சட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. எங்களுக்கு வந்த முதல் நன்கொடை அந்த நோட்டு என்றுதான் சொல்வேன்.

நான் கூப்பிட்டபோது "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்ட ஒருவர், ஒரு பெரிய நிறுவனத்தில் மேலாளர், சார் கூப்பிட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசியதாக அவரே பிறகு சொன்னார். அந்த உரிமை நமக்குக் கிடையாது.

ஊரின் பெரிய பணக்காரரிடம் முதலில் போகாதீர்கள். அவர் ஒரு பெரிய தொகையைத் தந்துவிட்டால், "அதுதான் அவர் செய்கிறாரே" என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். களமும் அவருடையதாகிவிடும். அவரை முப்பதாவது ஆளாகப் பாருங்கள்.

எவ்வளவு பணம் கேட்கலாம்?

எடுத்த எடுப்பில் பணமே கேட்காதீர்கள். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படித்தால் போதும்.

விளையாட்டில் கிடைத்த அறிமுகம் ஒரு விசித்திரமான அறிமுகம். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் ஒருவனுக்கு உங்கள் பெயர்கூட மறந்திருக்கும். ஆனால் நீங்கள் வலது கையால் மட்டுமே பந்தைத் தட்டிக்கொண்டு போவீர்கள், இடது பக்கம் மடக்கினால் திணறுவீர்கள் என்பது மறந்திருக்காது. அந்த நினைவை எழுப்பாமல் பணம் கேட்டால் நீங்களும் ஒரு வசூல்காரர்தான். கோயில் கொடைக்கும் கட்சி மாநாட்டுக்கும் வந்து நிற்பவர்கள் வரிசையில் உங்களையும் வைத்துவிடுவார்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த உடைந்த களத்திலேயே ஓர் ஆட்டம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு பக்கம், கீழ்ப்பட்டவர்கள் மறுபக்கம். வளையத்தில் வலை இல்லை. பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஆடினார்கள். மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு முன்னாள் கேப்டன் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரோ வீட்டிலிருந்து தூக்குவாளியில் நீர்மோர் வந்தது. ஒருவர் தரை வெடிப்பில் கால் இடறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். களத்தின் நிலைமையை விளக்கி நான்கு பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்று யாரும் பணத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அந்த முழங்கால்காரர்தான் கூப்பிட்டு, "தளம் போட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்?" என்று கேட்டார்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் போதாதா?

ஆரம்பியுங்கள், அறிவிப்புக்குப் பயன்படும். அங்கே கைகூப்பும் படத்தை அனுப்பிய எழுபது பேரில் வந்து நின்றவர்கள் ஒன்பது பேர். ஆளை நேரில் பார்த்துப் பேசுவதற்கு மாற்று கிடையாது. இன்னொன்று, காலை வணக்கப் படங்களுக்கு முதல் நாளே தடை போட்டுவிடுங்கள்.

ஆடிய காலத்துச் சண்டைகள் இன்னும் தீரவில்லை. இருவரையும் எப்படி ஒரே வேலையில் சேர்ப்பது?

எந்த ஊரில்தான் இது இல்லை? எங்களிடமும் இரண்டு குழுக்கள். ஒரு மாவட்ட அணித் தேர்வில் தொடங்கிய மனத்தாங்கல். இரு தரப்பும் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டன, மனத்தாங்கல் மட்டும் இளமையாகவே இருந்தது.

சமரசப் பேச்சு எதுவும் நடத்தாதீர்கள். யார் மீது தவறு என்று ஆரம்பித்தால் களம் இன்னொரு தலைமுறைக்குப் புளி காயப்போடத்தான் ஆகும். நாங்கள் வேலையைப் பிரித்தோம். கிழக்கு வளையமும் கம்பமும் ஒரு குழுவுக்கு, மேற்கு வளையமும் கம்பமும் மற்றக் குழுவுக்கு. எந்தப் பக்கம் முதலில் முடிகிறது என்று போட்டி போட்டார்கள். கூட்டமாகச் செய்திருந்தால் ஆறு மாதம் இழுத்திருக்கும் வேலை, ஐந்தே வாரத்தில் முடிந்தது. இன்றும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரே அணியில் ஆடும்போது மட்டும் பந்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

உதவி கேட்கும்போது திட்டத்தை எப்படி விளக்குவது?

"களம் கட்டப் போகிறோம், உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று சொல்லாதீர்கள். முடிந்தது என்றால் ஐந்நூறு ரூபாய்தான். அளவைச் சொல்லுங்கள்.

சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அதையும் சேர்த்தால் 32-க்கு 19, அதாவது 608 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 6,500 சதுர அடி. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம். பலகை 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம். கம்பம் எல்லைக்கோட்டுக்கு வெளியே குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, பலகையைக் களத்துக்குள் 1.20 மீட்டர் தூரத்தில் தாங்க வேண்டும். பல பள்ளிகளில் கோட்டின் மேலேயே கம்பத்தை நட்டுவிடுகிறார்கள். ஓடிவந்து வளையத்தை நோக்கித் தாவும் பிள்ளை நேராக இரும்பில் மோதும்.

அந்த 608 சதுர மீட்டரை ஓர் அட்டையில் 608 கட்டங்களாக வரைந்தோம். ஒரு கட்டத்துக்கு ஆகும் செலவை மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டு முடிவு செய்தோம். அட்டையைப் பேருந்து நிலையத்து டீக்கடையில் மாட்டினோம். கட்டம் எடுத்தவர் தன் கையாலேயே வண்ணம் அடித்துக்கொள்ளலாம்.

இது இவ்வளவு வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை. ஆளாளுக்கு ஓர் இடம் இருந்தது. மூலையிலிருந்து எறிந்தே பெயர் வாங்கியவர் மூலையைக் கேட்டார். அந்தக் காலத்தில் மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி) இன்னும் கிட்டத்தில் இருந்தது, இப்போது வளையத்திலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அவருக்கு ஒரு வருத்தம் வேறு. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர், பலகையிலிருந்து 4.6 மீட்டர் தள்ளி இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டின், அதாவது யாரும் தடுக்காமல் நின்று எறியும் கோட்டின், நடுக்கட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். ஒரு மாவட்ட இறுதிப் போட்டியில் கடைசி நொடியில் அங்கே நின்று, கிடைத்த இரண்டு எறிகளையும் தவறவிட்டவர் அவர். அந்த ஒரு கட்டத்துக்கு நான்கு கட்டங்களின் விலையைக் கொடுத்தார்.

அவ்வளவு பெரிய களத்துக்கு எங்களிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை. என்ன செய்வது?

ஒரே வளையத்தோடு தொடங்குங்கள். மூவர் அணி ஆட்டத்துக்கு 15 மீட்டர் அகலமும் 11 மீட்டர் நீளமும் போதும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அதுவும் பதக்க ஆட்டமாகிவிட்டது, எனவே அரைக்களம் என்று கூச்சப்பட வேண்டாம். மறுபாதிக்கு இடம் விட்டு வையுங்கள்.

திருவிழா வரி போல எல்லோருக்கும் ஒரே தொகை வைக்கலாமா?

வேண்டாம். தலைக்கட்டு வரி ஊர்க் கட்டுப்பாடு. கொடுக்காதவருக்கு மரியாதை போய்விடும். இங்கே ஆட்டோ ஓட்டுபவரும் மருத்துவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். ஒரே தொகை வைத்தால் ஒருவருக்குப் பாரம், மற்றவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மொய் போலவும் ஆகிவிடக் கூடாது. எங்கள் பக்கம் மொய் நோட்டு என்பது கடன் பத்திரம். "அவன் பெண் கல்யாணத்துக்கு நான் ஐயாயிரம் செய்தேன், களத்துக்கு அவன் இரண்டாயிரம்தான் தந்தானா?" என்று ஒருவர் என்னிடமே கணக்குப் பார்த்தார். அதனால்தான் தொகையை வெளியே எழுதாமல் பெயரை மட்டும் எழுதினோம். தொகை கணக்குப் புத்தகத்தில் இருக்கும். பார்க்க வேண்டும் என்பவர் வந்து பார்க்கலாம்.

நன்கொடையாளர் பெயரைக் களத்தில் எழுதலாமா?

கோயில் குழல்விளக்கில் 'உபயம்' என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்கள் அல்லவா, அதை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். பலகையில் வளையத்துக்கு மேலே இருக்கும் செவ்வகம் குறி பார்ப்பதற்காக இருக்கிறது. அதற்குள் நகைக்கடைப் பெயரை எழுதச் சொல்லி ஒருவர் கேட்டார். நல்ல தொகைதான், மறுத்துவிட்டோம். வாசலில் ஒரு கல்வெட்டு வைத்து எல்லாப் பெயரையும் அகர வரிசையில், பட்டமும் பதவியும் இல்லாமல் செதுக்கினோம். இந்த வரிசைக்காக எங்களுக்கு இரண்டு கூட்டமும் ஒரு கோபித்துக்கொள்ளலும் செலவாயின.

பணம் தர இயலாதவர்களிடம் எப்படிக் கேட்பது?

கேட்கவே வேண்டாம், அவர்களே வருவார்கள். எங்கள் அணியின் பழைய தடுப்பாட்டக்காரர் இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு கம்பங்களும் அவர் கைவேலை. இரும்புக்கு மட்டும் காசு வாங்கினார். மின்பணியாளர் ஒருவர், கொத்தனார் இருவர், கல்லும் மணலும் ஏற்ற டிராக்டர் தந்தவர் ஒருவர். கூலியைச் சந்தை விலையில் கணக்கிட்டு, அதை நன்கொடை வரவாகவே புத்தகத்தில் எழுதுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் அதைப் படித்தபோது, அதிக நன்கொடை தந்த முதல் மூவரில் வெல்டிங்காரரும் இருந்தார். அவருக்கே அது தெரியாது.

கிரிக்கெட், கபடி, வாலிபால் ஆடுபவர்களிடமும் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள், ஆனால் வேறு விதமாக. அவர்களுடைய முதல் பயம் மைதானம் குறுகிவிடுமோ என்பது. நியாயமான பயம்தான். கிரிக்கெட் பிள்ளைகளை அழைத்து, எந்த மூலையில் களம் வந்தால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று அவர்களையே சுண்ணாம்பால் கோடு போடச் சொன்னோம். வாலிபால்காரர்கள் தங்கள் வலைக்கும் விளக்கு வெளிச்சம் விழ வேண்டும் என்றார்கள். விளக்குக் கம்பத்தை ஏழு அடி நகர்த்தினோம், கம்பி இழுக்கும் செலவில் பாதியை அவர்கள் ஏற்றார்கள். கபடிக் குழு பணம் தரவில்லை. ஆனால் காங்கிரீட் போட்ட அன்று முப்பது பேர் வந்து சட்டி சுமந்தார்கள்.

அரசிடமிருந்து உதவி கிடைக்குமா? அனுமதி யாரிடம் வாங்குவது?

அரசுப் பள்ளி வளாகம் என்றால் தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, கல்வித்துறை என்று எழுத்துவழி அனுமதி வாங்காமல் ஒரு செங்கலையும் வைக்காதீர்கள். வாய்மொழியாகச் 'செய்யுங்கள்' என்றவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

நிதிக்குச் சில வழிகள் உண்டு. தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில், பொதுவாக மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் திரட்டினால் மீதியை அரசு ஏற்கும். அரசுப் பள்ளிகளுக்கென்று 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களும் நிறுவனங்களும் நன்கொடை தரலாம். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்டுப் பார்க்கலாம். நிறுவனங்களை அணுகினால், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் சமூகப் பொறுப்புப் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுகள், ஒலிம்பிக் விளையாட்டுகள் ஆகியவற்றுக்கான பயிற்சி இருக்கிறது என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பட்டியலில் இருப்பது பயிற்சி என்பதால், களத்தோடு கோடைப் பயிற்சி முகாமையும் சேர்த்து எழுதுவது நல்லது.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்து, அரசுப் பணத்தில் புது வேலை தொடங்க முடியாது. நாங்கள் அப்படி ஒரு முறை மாட்டிக்கொண்டோம். கோப்பு மேசையிலேயே தூங்கியது.

பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

யார் கையிலும் இருக்கக் கூடாது. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதிந்துகொள்ளலாம். பிறகு சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. காசோலையில் இருவர் கையெழுத்து. அந்த இருவரும் உறவினர்களாக இருக்க வேண்டாம். தனி ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வது மிக எளிது. நட்பு கெடுவதும் அதே அளவு எளிது.

மாதம் ஒரு முறை வரவு செலவை எழுதி டீக்கடை அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டினோம். "ஆணி, பதினெட்டு ரூபாய்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க முடிவு செய்தேன் என்று மளிகைக் கடைக்காரர் ஒருவர் சொன்னார்.

வருமான வரிச்சலுகை கிடைக்குமா?

80ஜி என்று எல்லோரும் அறிந்த சலுகை, வருமான வரித்துறையிடம் அதற்கான அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தந்தால்தான் கிடைக்கும். சங்கமாகப் பதிந்திருப்பது மட்டும் போதாது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கும் கிடைக்காது. ஒரு தணிக்கையாளரைக் கேளுங்கள். எங்கள் அணியின் பழைய ஆட்டக்காரர் ஒருவரே தணிக்கையாளர், எங்கள் அதிர்ஷ்டம்.

பெண்களை எப்படிச் சேர்ப்பது?

இதில் நாங்கள் செய்தது தவறு. சாரின் நோட்டில் ஆண்கள் அணிதான் இருந்தது, நாங்களும் அதோடு நின்றுவிட்டோம். ஓராண்டு கழித்து ஓர் அக்கா வந்து, "நாங்கள் ஆடியதே உங்கள் யாருக்கும் நினைவில்லையா?" என்று கேட்டபோது பதில் இல்லை. எங்கள் அணி பல மாவட்டங்கள் சேர்ந்த மண்டலப் போட்டியைத் தாண்டியதில்லை. அவர்கள் அணி தாண்டியிருக்கிறது.

கல்யாணமாகிப் பல ஊர்களுக்குப் போய்விட்டவர்களை அம்மா வீட்டு முகவரி வழியாகத் தேடினோம். பதினொரு பேர் கிடைத்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறையும் விளக்கும் எங்கே என்பது. ஆண்கள் கூட்டத்தில் ஓராண்டாக யாருக்கும் தோன்றாத கேள்வி. இரண்டாவது கேள்வி பந்து. நாங்கள் வாங்கி வைத்திருந்தது எல்லாம் ஏழாம் எண். பெண்கள் ஆடுவது அதைவிடச் சற்றுச் சிறிய ஆறாம் எண். விளக்குச் செலவில் பெரும்பங்கு அவர்கள் திரட்டியது. சென்னையில் வளர்ந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ பெற்றபோது வெளியான படத்தை அந்த அக்காதான் சட்டம் போட்டுப் பந்து வைக்கும் அறையில் மாட்டியிருக்கிறார்.

தருவதாகச் சொல்லிவிட்டுத் தராதவர்களை என்ன செய்வது?

இரண்டு முறை நினைவூட்டுங்கள். மூன்றாவது முறை ஆட மட்டும் கூப்பிடுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டுக் கூச்சத்தில் களத்துப் பக்கமே வராமல் போனவர்கள் இருக்கிறார்கள். பணம் போனால் போகிறது, ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்துவிடக் கூடாது.

திறப்பு விழாவுக்குப் போட்டி நடத்தலாமா?

நடத்தலாம், சின்னதாக. பையன்களாக இருந்தபோது கோடை விடுமுறையில் பெரியகுளத்துக்கும் கரூருக்கும் பஸ் ஏறிப் போய், ரயில்வே அணியும் வங்கி அணிகளும் ஆடும் அகில இந்தியப் போட்டிகளைப் பார்த்தவர்கள் நாங்கள். அதே போல நம் ஊரிலும் நடத்த வேண்டும் என்று ஆசை வரும். அந்த ஊர்களில் பல பத்தாண்டுகளாக ஆட்கள் தோள் கொடுத்து வளர்த்த போட்டிகள் அவை. முதல் ஆண்டிலேயே வெளியூர் அணிகளை அழைத்தால் சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்குமே திரட்டிய பணம் கரையும். நாங்கள் நான்கு பள்ளி அணிகளோடு நிறுத்திக்கொண்டோம். சிறப்பு விருந்தினர் சார்தான். பேச்சு ஒன்றரை நிமிடம்.

எங்கே சறுக்கினீர்கள்?

பழைய தளத்தை உடைத்து எடுக்கும் செலவை மிச்சம் பிடிக்க, அதன் மேலேயே நான்கு அங்குலம் புதுக் காங்கிரீட் போட்டோம். மறுவாரம் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் எம்பி வளையத்தைத் தொட்டார்கள். நல்ல உயரம் வருகிறார்கள் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். சார் மட்டும் அளவு நாடாவைக் கொண்டுவரச் சொன்னார். தரை நான்கு அங்குலம் ஏறியதில் வளையம் 2.95 மீட்டருக்கு இறங்கியிருந்தது. வெல்டிங்காரர் கம்பத்தின் அடியில் தகடு கொடுத்து உயர்த்தித் தந்தார். பையன்களுக்கு அவர் மேல் இன்னும் கோபம்.

தண்ணீர் வடியச் சரிவும் போதவில்லை. நூறு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் வாட்டம் வைக்க வேண்டும். எங்கள் கொத்தனார் தளமட்டம் பார்த்து வீட்டுக் கூடம் போலச் சமமாகப் பூசிவிட்டார். மழை பெய்தால் தென்கிழக்கு மூலையில் அரை நாள் தண்ணீர் நிற்கும். நீர் தள்ளும் ரப்பர் கட்டை ஒன்றை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம், முதலில் வருபவர் தள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

வந்து பார்க்கலாமா?

தாராளமாக. மாலை ஐந்து மணிக்கு மேல் யாராவது இருப்பார்கள். ஷூ கொண்டுவாருங்கள், வேடிக்கை பார்க்க மட்டும் விடமாட்டோம். களம் கிழக்கு மேற்காக அமைந்துவிட்டது. வடக்கு தெற்காக இருந்திருக்க வேண்டும், பழைய அடித்தளத்தால் மாற்ற முடியவில்லை. மேற்கு வளையத்தை நோக்கி எறிபவருக்கு அந்த நேரத்தில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு முதல் பாதியில் கிழக்கு வளையம் என்று சார் ஒரு விதி வைத்திருக்கிறார். பக்கம் மாறுவதற்குள் சூரியன் பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும்.